ஒரு சுவருக்கு ஒரு கை

சாயங்காலம் நாலரை மணி. அமிர்தியைத் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஏறுகிற ரோடு. சில நாளாகவே வானம் மூடிக் கிடக்கிறது... மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் ஈ காக்கை கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக் போகிறது.

கேளுங்கள், ஆனால் கை நிற்கக் கூடாது. இந்தக் கடலைக் கொடி மொத்தத்தையும் ஆய்ந்து மல்லாட்டையைத் தார்ப்பாய்க்குள் தள்ளிவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் முளைவிட்ட காயைத்தான் அள்ள வேண்டியிருக்கும். வடிவேலு, உன்னைத்தான் சொல்கிறேன். காதை இங்கே கொடு, கையைக் கொடியில் வை. அந்த விளக்கை இப்படித் திருப்பு. பூச்சி வந்தால் வரட்டும்.

பைக்கில் போனவன் என் சிநேகிதி ஈஸ்வரியின் தம்பி. இளவழகன் என்று பெயர். கணியம்பாடியில் ஒரு மாடி வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான் இருந்தார்கள். ஈஸ்வரியும் நானும் ஒன்றாகத் தையல் படித்தவர்கள். அவளுக்குப் பொய் வராது. சொல்ல ஆரம்பித்தாலே அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். இதை என்னிடம் சொன்ன அன்று அவள் சிரிக்கவில்லை.

தம்பியின் தொழிலைச் சொன்னால் நீங்கள்தான் சிரிப்பீர்கள். அவன் சுவரைப் படம் எடுப்பான்.

"செவுத்தையா?" என்றாள் முத்தம்மாள், கொடியை உதறிக்கொண்டே. "அதுல இன்னாடி கீது பாக்க, ஜெயசுதா?"

இருக்கிறது. பிள்ளைகள் போனில் விளையாடுகிறார்களே, ஓடுவது, ஒளிவது, சுடுவது... அதில் வருகிற வீட்டுக்குச் சுவர் வேண்டும். நடக்கத் தரை வேண்டும். ஒளியப் பாறை வேண்டும். கையால் வரைந்தால் பொம்மை மாதிரி இருக்குமாம். அதனால் நிஜமான சுவரையும் தரையையும் படம் பிடித்து, விளையாட்டுக்குள் இருக்கிற வீட்டின் மேல் தோல் போர்த்துகிற மாதிரி போர்த்திவிடுகிறார்கள். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு இவன் இங்கிருந்து பிடித்து அனுப்புவான். படவேட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைச் சேற்றை எடுத்திருக்கிறான். இடிந்த கிணற்றுக் கல்லை எடுத்திருக்கிறான். ஒருமுறை யாரோ ஒருவர் வீட்டுக் கழிவறைக் கதவை மணிக்கணக்காக எடுத்து, அந்த வீட்டுக்காரரிடம் அடி வாங்கப் பார்த்தான்.

அந்தத் தொழிலுக்கு நிழல்தான் எதிரி. சுவரில் ஒரு கிளையின் நிழல் விழுந்திருந்தால் அந்தப் படம் வீண். விளையாட்டில் பகலும் வரும், இரவும் வரும். இருட்டில் ஒரு சுவரில் மட்டும் வெயில் அடித்தால் எப்படி? ஆகவே வானம் மூடினால்தான் இவனுக்குக் கொண்டாட்டம். அப்போது எதற்குமே நிழல் விழாது. மரத்துக்கு இல்லை, மாட்டுக்கு இல்லை... மனுஷனுக்கும் இல்லை. பேய்க்கு நிழல் கிடையாது என்று சொல்கிறோமே, அப்படிப்பட்ட நாளில் அதை வைத்து யாரை என்னவென்று கண்டுபிடிப்பது?

கம்பெனிக்காரன் மண்சுவர் கேட்டிருந்தான். கையால் மெழுகின சுவர். விரல் தடம் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தான். கீழே எங்கே இருக்கிறது மண்சுவர்? எல்லாம் சிமெண்டு. மலையில் இருக்கும் என்று இளவழகன் ஏறினான். அன்றைக்கெல்லாம் சுற்றியும் ஒன்றும் சரியாக அகப்படவில்லை. திரும்பலாம் என்று வண்டியைத் திருப்பும்போது, ஒரு புளியமரத்துக்குக் கீழே, சாமைக் கொல்லை ஓரத்தில், தனியாக ஒரு வீடு. புல் கூரை. மண்சுவர். சுவர் முன்னால் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மெழுகிக்கொண்டிருந்தாள்.

சளக்... சர்ர்ர். சளக்... சர்ர்ர்.

சட்டியில் கையை முக்கி எடுத்து, சுவரில் வைத்து ஒரு வீச்சு. ஒவ்வொரு வீச்சும் விசிறி மடிப்பு மாதிரி விழுகிறது. சுவர் ஏறக்குறைய முழுக்க முடிந்து ஈரத்தில் கறுத்திருக்கிறது. கடைசியில் ஒரு சாக்குப்பை அகலத்துக்கு மட்டும் பழைய மண் வெளுத்து, வெடித்துக் கிடக்கிறது. ஈரமும் காய்ந்ததும் சேருகிற அந்த இடம் இருக்கிறதே... அதைப் பார்த்ததும் இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவள் இன்னும் நாலு வீச்சு வீசினால் அது போய்விடும்.

ஓடிப்போய்ச் சொன்னான்.

"அக்கா... அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் செவுத்துல கை வைக்காதீங்க."

அவள் நிறுத்தினாள்.

யார், என்ன என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தாள். சுவரின் இடப்பக்க ஓரமாக ஒதுங்கி நின்றாள். மெழுகின கையை மட்டும் தூக்கினபடி வைத்திருந்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் விழுந்தது. சொட்... சொட்.

கேள்வி கேட்காமல் சொன்னதைக் கேட்கிற பெண்பிள்ளை கிடைத்தாள் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆம்பிளைப் புத்தி, வேறு என்ன? எடுக்க ஆரம்பித்தான். கீழிருந்து மேலே, வரிசை வரிசையாக, ஒரு அடி நகர்ந்து ஒரு படம், இன்னொரு அடி நகர்ந்து இன்னொரு படம். ஒரு சுவருக்கு இருநூறு முந்நூறு படம் வேண்டும். ஓரத்துப் படங்களில் அவளும் விழுந்தாள். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அந்த நேரம் முழுக்க ரெண்டே சத்தம்தான். கேமரா டிக்கென்று சொல்கிறது. சொட்டென்று தண்ணீர் விழுகிறது. கோழி இல்லை, நாய் இல்லை. புளியமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை என்றுதான் ஈஸ்வரியிடம் சொல்லியிருக்கிறான்.

அப்புறம் மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கியது. ஒரு நிமிஷத்தில் சுவர் போயிற்று, மரம் போயிற்று, நீட்டின கையே தெரியவில்லை. ரெண்டு தூறல் விழுந்தது. கேமராவைப் பையில் திணித்தான், வண்டியை உதைத்தான், இறங்கிவிட்டான்.

நான் சொல்கிற வரைக்கும் என்றானே... சொல்லவே இல்லை.

வேறு யாருக்கு வரும் இந்தத் தப்பு? நாம் ஒரு வீட்டுக்குப் போனால், வேலையாக இருப்பவளிடம், "நீ பாரும்மா, நான் ஒக்காந்துக்கறேன்" என்போம். இவன் கண்ணுக்குச் சுவர்தான் தெரிந்தது. சுவர் கிடைத்ததும் ஆள் மறந்துபோயிற்று.

மறுநாள் காலையில் ஈஸ்வரி தோசை வார்த்துப் போட்டாள். பாதி தின்றுவிட்டு எழுந்து போனான். அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்தாள். குளிக்கப் போனவன் பாதியில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான், தலையில் சோப்பு நுரையோடு. "இன்னாடா இது?" என்றால், "தெரிலக்கா" என்கிறான். சவரம் ஒரு கன்னத்தில் முடிந்தது, மறு கன்னத்தில் இல்லை. சட்டைப் பொத்தான் மூன்றைப் போட்டான், மூன்றை விட்டான். உட்காருவான், உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுவான். ஜன்னலுக்குப் போவான், பாதி வழியில் நிற்பான், திரும்புவான்.

"காதல் கீதல் இருக்கும்," என்றான் வடிவேலு.

ஈஸ்வரியும் அப்படித்தான் நினைத்தாளாம். வாசனை வருகிற வரைக்கும்.

சாயங்காலம் நாலரை மணி வாக்கில் மாடி வீட்டுக்குள் பச்சைச் சாணி வாசனை. அதோடு ஊறின செம்மண் வாசனை. கீழே மாடு கிடையாது, பக்கத்தில் கொட்டகை கிடையாது. ஈஸ்வரி செருப்பைத் திருப்பிப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சத்தம். சொட்... சொட். எல்லாக் குழாயையும் இறுக்கினாள். ஆள் கூப்பிட்டு வாசர் மாற்றினாள். மாற்றிவிட்டு அவன் போன பிறகும், சொட்.

படங்களை எல்லாம் இளவழகன் கம்ப்யூட்டரில் போட்டிருந்தான். அது தானே ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, மேடு பள்ளம் உட்பட அந்தச் சுவரையே உள்ளே கட்டிக்கொடுக்கும். எந்தப் பக்கமிருந்தும் சுற்றிப் பார்க்கலாம். ரெண்டு நாள் ஓடி முடித்தது. அறைக்குள்ளிருந்து கூப்பிட்டான்.

"அக்கா... இங்க வந்து பாரேன்."

திரையில் சுவர். அதன் இடப்பக்க ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். படம் மாதிரி தட்டையாக இல்லை, முழுசாக, சிலை செய்து நிறுத்தின மாதிரி. புடவை மடிப்பு, பிடரியில் பிரிந்த முடி, நகத்துக்குள் மண், எல்லாம் இருந்தது. முழங்கை நுனியில் ஒரு சொட்டு. விழப்போகிற சொட்டு, விழாமல்.

"நல்லாத்தானே வந்துகீது," என்றாள் ஈஸ்வரி. "அதுக்கு ஏன்டா மூஞ்சி இப்படிப் போவுது?"

"வராதுக்கா. ஆளு வராது."

"இன்னா வராது?"

"அசையறது எதுவும் இதுல நிக்காது. கோழி குறுக்கப் போனா காணாமப் போய்டும். ஆளு நின்னா கூழு மாதிரி கலங்கிப் போய்டும். அசையாம நிக்கறேன்னு நின்னாலும் கலங்கும். பச்சக் கொழந்த தூங்கினாக்கூட வராதுக்கா... மூச்சு வாங்குதே."

எலி மாதிரி இருக்கிற மவுஸை நகர்த்தி அவன் அந்தப் பெண்ணைத் திருப்பினான். முகம் வந்தது. நாற்பது நாற்பத்தைந்து வயது. பயமுறுத்துகிற முகமில்லை என்றாள் ஈஸ்வரி. நல்ல முகம். ஒரு வார்த்தைக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிற முகம். அதுதான் தாங்க முடியவில்லை என்றாள்.

சொட், என்று அறைக்குள் விழுந்தது. திரையில் இருந்த சொட்டு அப்படியேதான் இருந்தது.

"நான் சொல்லவே இல்லக்கா," என்றான் இளவழகன். "கை வைக்காதீங்கன்னேன். சொல்றேன்னேன். சொல்லாம வந்துட்டேன்."

"இப்ப சொல்லுடா. இங்கியே சொல்லு."

திரையைப் பார்த்துச் சொன்னான். "மெழுகுங்கக்கா." வாசனை போகவில்லை. சொட்டு நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அவள் கை வைக்க வேண்டிய சுவர் மலையில் அல்லவா இருக்கிறது!

அன்றிலிருந்து அவன் எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும் அதன் இடப்பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒரு ஆள் காத்துக்கொண்டிருந்தால் நமக்கு முதுகு சொல்லாதா? சலூனில், ஓட்டலில், பஸ்ஸில்... எதையும் முடிக்க முடியவில்லை. அவள் வேலை பாதியில் நிற்கிற வரைக்கும் இவன் வேலையும் பாதிதான். பாதித் தூக்கம், பாதிச் சோறு. கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படியே போனால் தம்பியின் உயிரும் பாதியில் நின்றுவிடும் என்று ஈஸ்வரிக்குப் பட்டது. சேலையைச் செருகிக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மலையில் வடிவு என்று ஒருத்தி டீக்கடை வைத்திருக்கிறாள். அவளிடம் வழி கேட்டார்கள். புளியமரத்து வீடு என்றதும் அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ராஜாக்கண்ணு வூடா? போங்க. உங்களத்தான் அந்த ஆளு கேட்டுகினு கீறாரு," என்றாள்.

ராஜாக்கண்ணு வாசலில் உட்கார்ந்திருந்தார். கறுத்து மெலிந்த மனிதர், மடியில் ஒரு கொடுவாள். இளவழகனின் தோள் பையைப் பார்த்தார். எழுந்தார்.

"அன்னிக்குப் படம் புடிச்சது நீதானே? உள்ள காய்ச்சல்ல படுத்துகினு கேட்டுகினு இருந்தேன், டிக்கு டிக்குன்னு. அவள எங்க வச்சிகீறப்பா?"

அவர்தான் சொன்னார். அவர் மனைவி மங்கம்மாள், போன தை மாசம் பொங்கலுக்குச் சுவர் மெழுகும்போது பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள், எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஒரு சுவருக்கு ஒரு கை. எந்தக் கை தொடங்குகிறதோ அந்தக் கைதான் முடிக்க வேண்டும். இன்னொரு கை அதில் படக் கூடாது. அதனால் அந்தப் பாதிச் சுவரை யாரும் தொடவில்லை. காரியம் எல்லாம் முடிந்து, ஒருநாள் சாயங்காலம் கொல்லையிலிருந்து வருகிறார்... சளக், சர்ர்ர்.

"பயமா இல்லியா?" என்று கேட்டாளாம் ஈஸ்வரி.

"அவகிட்ட இன்னா பயம்?" என்றார். "தெனம் வந்தா. இருட்டற வரைக்கும் மெழுகுவா, போய்டுவா. ஆனா செவுரு முடிஞ்சா மொத்தமா போய்டுவா. அது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான்..." என்று கொடுவாளைக் காட்டினார். "விடியறதுக்குள்ள எழுந்து, மொத நாளு அவ மெழுகினத சொரண்டி எடுத்துடுவேன். சாயங்காலம் மறுபடியும் வருவா. அவளுக்குத் தெரியாது."

நடுவில் அவருக்குக் காய்ச்சல் கண்டு சில நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நாட்களில் சுவர் கிடுகிடுவென்று முடிந்துகொண்டு வந்தது. அன்றைக்கு அவள் முடித்துவிட்டுப் போயே போயிருப்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் இவன் போய் நிறுத்தியிருக்கிறான்.

"நீ நிறுத்தினது நல்லதுதான்பா," என்றார். "ஆனா கூட்டிகினு போய்ட்டியே. அன்னியிலேர்ந்து வரல."

"நான் கூட்டிகினு போவலங்க. சொல்றேன்னு சொன்னேன், சொல்லல. அதுக்குத்தான் நிக்கறாங்க. இப்ப சொல்லிட்டுப் போய்டறேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டதாம். "இரு, இரு. நான் மொதல்ல சொரண்டிடறேன். செவுரு பூரா சொரண்டிடறேன். அப்பால சொல்லு." கொடுவாளை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய்விட்டார்.

ஈஸ்வரிக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்தும் வேல வாங்குவியாய்யா? பத்து மாசமா அதே செவுத்த மெழுகறாளே, அவளுக்குக் கை நோவாதா? டேய் தம்பி, முடிச்சிட்டுப் போங்கக்கான்னு சொல்லுடா!"

ராஜாக்கண்ணு அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"வேல வாங்கல தாயி," என்றார். "இந்தக் கல்லு மேல ஒக்காந்துப்பேன். அவ முதுகப் பாத்துகினு இருப்பேன். திரும்ப மாட்டா, பேச மாட்டா. முதுகுதான். அது போதும்னு இருந்தேன்."

இதைச் சொல்லும்போது ஈஸ்வரி அழுதுவிட்டாள். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. புருஷன் முதுகை நாம் பார்க்கிறோமா, நம் முதுகை அவர்கள்தான் பார்க்கிறார்களா? ஆனாலும் ஈஸ்வரி கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே. போகிறவளைப் போக விட வேண்டாமா?

இளவழகன் வாயைத் திறந்தான். "அக்கா..." என்பதற்குள் ராஜாக்கண்ணு சுவரை மறைத்து நின்றுகொண்டார். கொடுவாளை ஓங்கிவிட்டார்.

"முடின்னு சொன்ன, வெட்டிடுவேன். அவ உங்கிட்டயே நிக்கட்டும். எங்கியோ ஒரு எடத்துல நிக்கறாளே, அது போதும். போய்டு!"

ஓடி வந்துவிட்டார்கள். வருகிற வழியில் டீக்கடை வடிவிடம் ஈஸ்வரி தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்புறம் வந்த நாட்களை நினைக்கவே பிடிக்கவில்லை என்றாள். தம்பி நடந்துகொண்டே இருந்தான். கூடத்தில் நடை, மாடிப்படியில் நடை, மொட்டை மாடியில் நடை. பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவான். "அக்கா எனக்கு..." அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று இவள் தேடித் தேடிக் கொடுப்பாள், தண்ணீரா, சோறா, மாத்திரையா. கம்பெனிக்காரன் கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிட்டான். பூசாரி வந்து கயிறு கட்டினார். முடிச்சுப் போடுவதற்குள் இவன் கையை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். நாலரை மணி ஆனால் சாணி வாசனை. சொட்... சொட். மங்கம்மாளும் பாவம், தூக்கின கையை இறக்காமல் நிற்கிறாள். யாருக்குத்தான் கால் கடுக்காது?

வடிவிடமிருந்து போன் வந்தது.

"ராஜாக்கண்ணு போய்ட்டாருங்க," என்றாள். "அந்தக் கல்லு மேல ஒக்காந்தபடியே போய்ட்டாரு. எடுத்து, காரியமும் ஆச்சு. வூடு பூட்டித்தான் கீது. இனிமே உங்கள யாரும் தடுக்க மாட்டாங்க... வந்து சொல்லிட்டுப் போங்க. பாவம், அவளாவது போவட்டும்."

ஈஸ்வரி அன்றைக்கே தம்பியைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். போய்ச் சேரும்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவில் பூட்டு. வாசலில் சருகு. கல் அப்படியே கிடந்தது. அதன் மேல் யாரோ ஒரு பிடி பொரி வைத்திருந்தார்கள், எறும்பு மொய்த்தது. சுவரும் அப்படியேதான். கடைசியில் அந்தச் சாக்குப்பை அகலம் வெளுத்து, வெடித்து, காத்துக்கொண்டிருந்தது.

இளவழகன் அதன் முன்னால் போய் நின்றான். வாயைத் திறந்தான். பாதியில் நின்றுவிடப் போகிறானே என்று ஈஸ்வரி அவன் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாளாம்.

"அக்கா... சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. மெழுகுங்க. முடிச்சிட்டுப் போங்கக்கா."

வார்த்தை முழுசாக வந்தது.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஒரு காற்று போனது. பச்சைச் சாணி வாசனை, மூக்குக்குப் பக்கத்திலேயே. யாரும் தெரியவில்லை.

சளக்... சர்ர்ர்.

வெளுத்த மண்ணில் ஒரு விசிறி கறுப்பாக விழுந்தது. ஐந்து விரல் தடம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரமில்லை. சளக்... சர்ர்ர். மேலே, நடுவில், கீழே. கடைசி வெடிப்பு இருந்த இடத்தில் கை ஒருமுறை வைத்து, அழுத்தி, எடுத்தது. சுவர் முடிந்தது. மூலைக்கு மூலை ஈரம்.

ஈஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். தம்பி அவள் பக்கம் திரும்பி, "அக்கா, எனக்குப் பசிக்குது. வடிவு கடையில எதுனா துன்னுட்டுப் போலாம்," என்றான். எத்தனை நாளைக்கு அப்புறம் ஒரு பேச்சை முடித்திருக்கிறான்! இவள் அவன் முகத்தைத் தடவிக் கொடுத்தாள். ரெண்டு பேரும் பைக் நின்ற இடத்துக்கு நடந்தார்கள். அவன் சாவியைப் போட்டான்.

பின்னால்...

வடிவேலு, கொடியைக் கீழே வை. சத்தம் போடாதே.

பின்னால், சுவர்ப் பக்கம், ஒரு சத்தம். மெழுகுகிற சத்தம் இல்லை. சரக்... சரக். இரும்பு மண்ணைச் சுரண்டுகிற சத்தம். சரக்... சரக். மண் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது.

ரெண்டு பேரும் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை என்றாள் ஈஸ்வரி. சுரண்டல் கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு நின்றது. பிறகு ஒரு பெண்குரல். அந்த வீட்டில் அவர்கள் அதுவரை கேட்காத குரல். கோபம் இல்லை அதில். பல நாள் பார்த்துப் பழகின சலிப்பு.

"இன்னிக்குமாய்யா?"